ஏழின் அடுக்குகளும் குவாண்டம் கணினியும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் யாழ்ப்பாண நகரில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு என் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். அவன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதை எடுத்துத் தரும் என்றும், ஐந்து ஆண்டுகளில் வங்கிகளின் இரகசியக் குறியீடுகள் எல்லாம் உடைந்துவிடும் என்றும், இன்றைய கணினிகள் பழைய இரும்புக்குப் போய்விடும் என்றும் அங்கே பேசியவர் சொன்னார். முடிவில் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புக்கு விண்ணப்பப் படிவம் தந்தார்கள். கட்டணம் என் இரண்டு மாத ஓய்வூதியம். நான் கணக்கியல் படிப்பித்தவன், பௌதிகவியல் தெரியாது. என் சேமிப்பு முழுவதும் வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கிறது. அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை?

சி., கரவெட்டி

அன்புள்ள சி. அவர்களுக்கு,

நானும் பௌதிகவியலாளன் அல்லன்; கணிதப் பிரிவில் படித்துவிட்டு இலக்கியத்தின் பக்கம் ஓடி வந்தவன். ஆனாலும் பேசியவர் சொன்ன மூன்றில் முதலாவது பிழை என்பதையும், மற்ற இரண்டும் அந்தப் பிழையிலிருந்தே கிளைக்கின்றன என்பதையும் துணிந்து சொல்லலாம். ஆகவே அதிலேயே சற்று நேரம் நிற்கிறேன்.

'குவாண்டம்' என்ற சொல் உங்கள் வீட்டுக்குப் புதியதல்ல. உங்கள் பேரன் இரசாயனவியலில் 'சக்திச் சொட்டெண்' என்று மனனம் செய்திருப்பான். அந்தச் சொட்டுத்தான் இது. சக்தி தொடர்ச்சியாக அல்லாமல் சொட்டுச் சொட்டாகவே கைமாறுகிறது என்று மாக்ஸ் பிளாங்க் 1900இல் முன்வைத்த கருத்திலிருந்து இந்தத் துறை முழுவதும் வளர்ந்தது. நம் பாடநூலாக்கக்காரர் கண்டெடுத்த அழகான சொற்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

சாதாரணக் கணினியில் தகவலின் மிகச் சிறிய அலகான பிட் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும். குவாண்டம் கணினியின் கியூபிட்டில் 0இற்கு ஓர் எண்ணும் 1இற்கு ஓர் எண்ணும் சேர்ந்திருக்கும். இவற்றை வீச்சம் என்பார்கள். அளந்து பார்க்கும்போது எந்த விடை வரும் என்பதன் நிகழ்தகவு, வீச்சத்தின் வர்க்கத்திலிருந்து கிடைக்கும். உங்கள் துறையின் மொழியில் சொல்வதானால், நிகழ்தகவு என்பது வரவுப் பக்கம் மட்டுமே உள்ள ஏடு. அதில் எண்கள் கூடுமே தவிர ஒன்றையொன்று கழிப்பதில்லை. வீச்சமோ பற்றும் வரவும் உள்ள ஏடு. அதில் மறைப் பெறுமானங்களும் சிக்கலெண்களும் வரும், எதிரெதிர்ப் பதிவுகள் ஒன்றையொன்று துடைத்துவிடவும் கூடும். குவாண்டம் கணினியின் பலம் முழுவதும் இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் இரண்டு ஒலிபெருக்கிகளை ஆறடி இடைவெளியில் வைத்து, இரண்டிலும் ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டு, அவற்றுக்கு முன்னால் எங்களை மெதுவாகக் குறுக்கே நடக்கச் சொன்னார். இரண்டு அடிக்கு ஒலி காதை அடைக்கும், அடுத்த அடியில் கம்மிவிடும், பிறகு மீண்டும் எழும். ஒலி குறைந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் ஒரு பெருக்கியை நிறுத்தினார், சத்தம் கூடியது. ஒன்றை நிறுத்தினால் கூடுகிறதே என்று வகுப்பே சிரித்தது. 'தலையீடு' என்று பௌதிகவியலில் படிக்கும் விடயம் அதுதான். குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதுபவர், பிழையான விடைகளின் வீச்சங்கள் ஒன்றையொன்று துடைக்கும்படியும் சரியான விடையின் வீச்சங்கள் ஒன்றோடொன்று கூடும்படியும் படிகளை அடுக்க வேண்டும்.

இப்போது 'எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்' என்பதற்கு வருவோம். 300 கியூபிட்டுகளின் நிலையை விவரிக்க 2இன் 300ஆம் அடுக்கு வீச்சங்கள் வேண்டும். காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவதைவிட அது பெரிது. பேசியவரை மயக்கியது இந்த எண்ணாக இருக்கலாம். ஆனால் அளக்கும்போது கையில் கிடைப்பது ஒரே ஒரு விடை. தலையீட்டை ஒழுங்குபடுத்தாமல் அளந்தால், அது கண்ணை மூடிக்கொண்டு திருவுளச்சீட்டு எடுப்பதற்கு மேலானதல்ல. வீச்சங்களை இப்படி அடுக்கத் தெரிந்த கணக்குகள் மிகச் சிலவே. இந்த இயந்திரம் வேகமான கணினி அன்று, வேறு வகையான கணினி. உங்கள் பேரேட்டைக் கூட்டுவதற்கோ கடிதம் தட்டெழுதுவதற்கோ அதனால் ஒரு நன்மையும் இல்லை. பழைய இரும்புக் கதை அதோடு முடிந்தது.

அந்தச் சிலவற்றில் பெயர்பெற்றது, பீட்டர் ஷோர் 1994இல் கண்ட, பெரிய எண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரிக்கும் வழி. பென்சில் எடுத்து என்னோடு செய்து பாருங்கள். எண் 15. ஏழின் அடுக்குகளை 15ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 7இற்கு 7, 49இற்கு 4, 343இற்கு 13, 2401இற்கு 1. அதன் பிறகு மீண்டும் 7, 4, 13, 1 என்றே சுழலும். சுற்றின் நீளம் 4. அதன் பாதி 2. ஏழின் வர்க்கம் 49. அதற்கு ஒன்று குறைவான 48இற்கும் 15இற்கும் பொதுக் காரணி 3, ஒன்று கூடிய 50இற்கும் 15இற்கும் பொதுக் காரணி 5. எண் பிரிந்துவிட்டது. (எந்த எண்ணில் தொடங்கினாலும் இப்படி வாய்க்கும் என்பதில்லை, வாய்க்காவிட்டால் வேறு எண்ணை எடுத்துத் தொடங்கலாம்.) 600இற்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணில் அந்தச் சுற்றின் நீளத்தைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கணினியால் ஆகாத காரியம். ஆனால் சுற்று என்பது அலையைப் போலத் திரும்பத் திரும்ப வருவது. அதனால் தலையீட்டால் அதைப் பிடிக்க முடிகிறது. தவறான நீளங்கள் அடங்கிப்போக, சரியான நீளம் உரத்து ஒலிக்கிறது.

இணையத்தின் பாதுகாப்பில் பெரும் பகுதி ஆர்.எஸ்.ஏ. போன்ற மறையீட்டு (இரகசியக் குறியீட்டு) முறைகளில், இத்தகைய கணக்குகள் கடினமானவை என்ற நம்பிக்கையில் நிற்பதால்தான் வங்கிப் பேச்சு வந்தது. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. நாள் குறிப்பது மட்டும் சோதிடம். கியூபிட் மிகவும் கூச்ச சுபாவம் உடையது. மின்தடையற்ற மீகடத்தி மின்சுற்றுகளால் ஆனவற்றை, குளிரின் கடைசி எல்லையான முழுப் பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினின் நூறில் ஓரிரு பங்கு வெப்பநிலையில் வைத்தும், சிறு அதிர்வுக்கும் கதிர்ப்புக்கும் பிழைவிடுகின்றன. பிழையைத் திருத்தப் பல கியூபிட்டுகளைச் சேர்த்து ஒன்றாக நடத்த வேண்டும். 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணை எட்டு மணித்தியாலத்தில் உடைக்க இரண்டு கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று 2019இல் கணிக்கப்பட்டது. 2025இல் அது பத்து இலட்சத்துக்கும் குறைவாக, ஒரு வாரத்துக்குள் என்று இறங்கியது. கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த 'வில்லோ' என்ற குவாண்டம் கணினிச் சில்லில் இருக்கும் கியூபிட்டுகள் 105. அதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. திருத்தத்துக்கான கியூபிட் கட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை பாதி பாதியாகக் குறைந்ததில் இருக்கிறது. தூரம் நீளமானது, ஆனால் பாதை அடைபட்டதல்ல.

மறுபக்கத்திலும் யாரும் தூங்கவில்லை. குவாண்டம் கணினியால் உடைக்க வழி தெரியாத புதிய மறையீட்டு முறைகள் மூன்றை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஓகஸ்ட்டில் வெளியிட்டது. உலகம் அவற்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அஞ்ச வேண்டியவர்கள், இன்று களவாக அள்ளி வைக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டு கழித்துத் திறக்கப்பட்டாலும் தீங்கு செய்யக்கூடிய இரகசியங்களை வைத்திருப்பவர்கள்: அரசுகள், மருத்துவப் பதிவுகளைக் காப்பவர்கள். உங்கள் நிலையான வைப்புக்கு ஆபத்து, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவரிடமிருந்துதான் முதலில் வரும்.

உண்மையான பயன் வேறு பக்கத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இயற்கை குவாண்டம் விதிப்படி நடப்பதால் அதைப் போலச் செய்துபார்க்கும் கணினியும் அவ்விதிப்படியே இயங்க வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981இல் பேசியதுதான் இத்துறையின் வித்து. யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவை ஆலைகள் காற்றின் நைதரசனிலிருந்து 400 பாகை செல்சியசுக்கு மேல், நூற்றுக்கணக்கான வளிமண்டல அமுக்கத்தில், உலகின் சக்தியில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கை விழுங்கிச் செய்கின்றன. உங்கள் கரவெட்டித் தோட்டத்துப் பயற்றங்கொடியின் வேர்முடிச்சில் இருக்கும் பற்றீரியா, அதே நைதரசனை மண்ணின் வெப்பநிலையிலேயே பதித்துவிடுகிறது. அதைச் செய்யும் நொதியத்தின் நடுவில், இரும்பும் மொலிப்டினமும் சேர்ந்த ஒரு கொத்தில், இலத்திரன்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் இன்றைய கணினிகளுக்கு அதைத் துல்லியமாகக் கணிப்பது மிகவும் கடினம். 2021இல் உர இறக்குமதி தடைபட்டபோது பட்டபாட்டை மறக்காத நமக்கு, இந்தக் கணக்கு வங்கிக் கணக்கைவிட நெருக்கமானது. அது கைகூட இன்னும் நெடுங்காலம் ஆகலாம்.

வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். முதற் கூற்றையே பிழையாகச் சொன்னவர்களிடம் மூன்று மாதம் படிக்க என்ன இருக்கிறது? பேரன் கணிதத்தில் தாயங்களையும் காவிகளையும் சிக்கலெண்களையும் நிகழ்தகவையும் ஊன்றிப் படிக்கட்டும்; ஐ.பி.எம். 2016இலிருந்து தன் குவாண்டம் கணினிகளை இணையம் வழியே பிறர் இயக்கிப் பார்க்க விட்டிருக்கிறது, அதற்குரிய மென்பொருளும் இலவசம். அதற்கு முன் இன்றிரவே அவனிடம் 21 என்ற எண்ணைக் கொடுத்து, இரண்டின் அடுக்குகளால் பிரிக்கச் சொல்லுங்கள். சுற்று ஆறு படியில் முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ வகுத்தலில் பிழைவிட்டிருக்கிறான்.