கணினி கேள்வி – பதில்: கிராபிக்ஸ் கார்டுக்கு முன் மானிட்டரைப் பாருங்கள்

கே: என் மகன் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருபவர் கொடுத்த கொட்டேஷனில் 'ஐ5-12400எஃப் பிராசசர், ஜி.டி. 730 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு' என்று எழுதியிருக்கிறார். 4 ஜி.பி. படிப்புக்குப் போதுமா? 8 ஜி.பி. கேட்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ப: அந்தக் கொட்டேஷனில் நீங்கள் கவனிக்க வேண்டியது 4 என்ற எண்ணை அல்ல, பிராசசர் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எஃப்' என்ற எழுத்தை. வீட்டுக் கணினிகளுக்கான இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்குள்ளேயே திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது. 'எஃப்' என்று முடியும் பிராசசர்களில் அந்த வசதி கிடையாது என்பதால், அதை வாங்குகிறவர் மானிட்டரில் எழுத்து தெரிவதற்காகவேனும் தனியாக ஒரு கார்டை வாங்கியாக வேண்டும். பிராசசரில் கொஞ்சம் பணம் குறைவது போலத் தோன்றும். அது கார்டின் விலையாக வேறு வழியில் வெளியே போய்விடும்.

அப்படி வாங்கப்படும் ஜி.டி. 730, 2014-இல் வெளிவந்த கார்டு. யூடியூப் வீடியோக்களில் பெரும்பகுதி இன்று வி.பி.9, ஏ.வி.1 ஆகிய முறைகளில் சுருக்கப்பட்டு வருகிறது. அவ்விரண்டையும் விரித்துக் காட்டும் பகுதி இந்தக் கார்டில் இல்லாததால், உங்கள் மகன் ஒரு பாட வீடியோவைப் பார்த்தாலும் சுமை முழுவதும் பிராசசரின் தலையில்தான் விழும். 4 ஜி.பி. என்பது உட்காரும் இடத்தின் அளவு மட்டுமே. வேலை செய்யும் ஆள் பழைய ஆள்தான்.

எனவே 'எஃப்' இல்லாத ஐ5-12400 பிராசசரைக் கேட்டு வாங்குங்கள். அதனுள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் பெயர் யு.எச்.டி. 730. (பெயரில் அதே 730 இருப்பது தற்செயல்; இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.) சி, பைத்தான் நிரல்கள், ஆட்டோகேடில் இரு பரிமாண வரைபடம் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் ரேமை 16 ஜி.பி.யாக, அதுவும் ஒரே துண்டாக அல்லாமல் இரண்டு 8 ஜி.பி. துண்டுகளாகப் போடச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கென்று சொந்த நினைவகம் இல்லை, அது ரேமையே பங்கிட்டுக்கொள்கிறது; இரண்டு துண்டுகள் இருந்தால் இரண்டு வழிகளில் தகவல் போய்வரும். மூன்றாம் ஆண்டில் முப்பரிமாண வடிவமைப்பு வந்தால் அப்போது கார்டு வாங்கிக்கொள்ளலாம். மதர்போர்டில் அதற்கான இடம் காலியாகவே காத்திருக்கும்.

கே: புதிய கணினி ஒன்றை முழுமையாக அமைக்கிறேன். மாலையில் கேம்ஸ், விடுமுறையில் கொஞ்சம் வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் பழக்கம். ஆர்.டி.எக்ஸ். 5060 வாங்கலாமா, ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. வாங்கலாமா, ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. வாங்கலாமா என்று ஒரு மாதமாகக் குழம்பிக் கிடக்கிறேன். மானிட்டர் மட்டும் பழையது, 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ்.
– ஒரு வாசகர், மதுரை

ப: நீங்கள் கடைசி வரியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் மானிட்டர்தான் இந்தக் குழப்பத்தின் திறவுகோல். உங்கள் திரையில் உள்ள புள்ளிகள் ஏறக்குறைய 20.7 லட்சம். 2560 × 1440 திரையில் அது 36.9 லட்சம், 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் 83 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டுத் தருவதுதான் கார்டின் வேலை என்பதால், ஒரே கார்டு உங்கள் திரையில் ஓடும் ஓட்டத்தை 4கே திரையில் ஓடாது. இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டும். கார்டு 140 படங்களை வரைந்து தள்ளினாலும் உங்கள் கண்ணுக்கு எட்டுவது அறுபதுதான். மீதி மின்கட்டணமாகவும் அறைச் சூடாகவும் போகும். ஆகவே மானிட்டரை மாற்றும் எண்ணம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இல்லையென்றால், ஆர்.டி.எக்ஸ். 5060-க்கு மேல் விலை கொடுப்பது கேம்ஸைப் பொறுத்தவரை வீண் என்பது என் கருத்து.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: நினைவகம். ஆர்.டி.எக்ஸ். 5060-இல் 8 ஜி.பி. மட்டுமே உண்டு. கேமில் வரும் சுவர், புல், முகம் ஆகியவற்றின் படங்கள் எல்லாம் கார்டின் நினைவகத்தில் எடுத்துவைக்கப்பட வேண்டும். இடம் போதாவிட்டால் மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகும். சமையல் மேடையில் இடமில்லாமல் பாதிச் சாமான்களைப் பரணில் வைத்துவிட்டு, தாளிக்கும் நேரத்தில் ஏணி தேடுவதைப் போன்றது இது. மேடைக்கும் பரணுக்கும் உள்ள தூரத்தை எண்ணாகவே சொல்லலாம்: 5060 கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜி.பி. வரை எடுக்க வல்லது, பி.சி.ஐ.இ. 4.0 என்ற இணைப்புமுறை கொண்ட மதர்போர்டில், எட்டு வழித்தடங்களை மட்டும் பயன்படுத்தும் அதே கார்டு, ரேமிலிருந்து எடுக்கும்போது கிடைப்பது நொடிக்குச் சுமார் 16 ஜி.பி. பழைய 3.0 மதர்போர்டு என்றால் அதிலும் பாதி. கேம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விக்குவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். உங்கள் திரையில் பெரும்பாலான கேம்கள் 8 ஜி.பி.க்குள் அடங்கும், புதிதாக வரும் பெரிய கேம்களில் படத்தரத்தை ஒரு படி குறைத்துக்கொள்ள மனமிருந்தால் அவையும் அடங்கும். பிளெண்டர் அப்படியல்ல. காட்சி பெரிதாகும்போது நினைவகம் போதாமல் ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) பாதியில் நின்றுபோவதும் உண்டு.

பிளெண்டரை நீங்கள் உண்மையாகவே தொடரப்போகிறீர்கள் என்றால், 16 ஜி.பி. உள்ள 5060 டி.ஐ.யை வாங்குங்கள். 'உண்மையாகவே' என்று நான் அழுத்துவதற்குக் காரணம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளோடு நின்றுபோகும் பழக்கத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன். இந்த 5060 டி.ஐ. என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி. கார்டும் 16 ஜி.பி. கார்டும் விற்கப்படுவதால், பில்லில் 16 ஜி.பி. என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யும் இதேபோல் இரண்டு அளவுகளில் வருகிறது. கேம்ஸ் மட்டுமே நோக்கம், மானிட்டரையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அதன் 16 ஜி.பி. கார்டை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பிளெண்டரின் ரெண்டரிங்கிற்கு, ஆர்.டி.எக்ஸ். கார்டுகளைத் தரும் என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறை தரும் வேகமும், வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை ஓட்டிப் பார்ப்பவர்களுக்குக் அதே நிறுவனத்தின் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள் தளம் தரும் வசதியும் இன்னும் என்விடியாவின் பக்கமே தராசைச் சாய்க்கின்றன.

மூன்று விசிறிகள் கொண்ட கார்டுகள் 30 சென்டிமீட்டரைத் தொடக்கூடியவை என்பதால், கேபினட் வாங்குமுன் அதனுள் எவ்வளவு நீளக் கார்டு அடங்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கே: சென்ற மாதம் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு போட்டேன். பிராசசர் ஐ5-12400எஃப். கேம் ஆடும்போது கரன்ட் போனால் யு.பி.எஸ். ஒரே ஒரு 'பீப்' ஒலியுடன் கணினியை அணைத்துவிடுகிறது. வேர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் பத்து நிமிடம் தாங்குகிறது. பேட்டரியும் புதிது. கார்டில் பழுதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: கார்டில் பழுதில்லை. யு.பி.எஸ். மீது 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பலரும் 600 வாட்ஸ் என்று படித்துவிடுகிறார்கள். அந்த வகையில் பெரும்பாலானவை தாங்குவது 360 வாட்ஸ் மட்டுமே. உங்கள் கார்டு 170 வாட்ஸ் வரை இழுக்கும், பிராசசர் முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை இழுக்கும். மதர்போர்டு, விசிறிகள், வட்டு, மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் கணினியின் மின்வழங்கிப் பெட்டியில் வீணாகும் மின்சாரம் ஆகியவற்றைச் சேர்த்தால் 360 நிரம்பிவிடும். கார்டுகள் கண்சிமிட்டும் நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டியும் இழுப்பதுண்டு. வேர்டில் எழுதும்போது கார்டு ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருப்பதால் யு.பி.எஸ். தாங்குகிறது. 1000 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போட்டால் தீரும்.

அதற்கு முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியிருக்கும் சீட்டையும் படித்துவிடுங்கள். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. மேலே பெரிய எழுத்தில் '450 வாட்ஸ்'. கீழே கட்டத்துக்குள் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட்ஸ்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மற்ற வோல்ட்களில் எவ்வளவு கூட்டிக் காட்டினாலும் உங்களுக்குப் பயனில்லை. உங்களுடையதிலும் அப்படி இருந்தால், யு.பி.எஸ்.ஸை மாற்றுவதற்கு முன் அதைத்தான் மாற்ற வேண்டும். மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம் 75 வாட்ஸும், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கார்டுக்கு வரும் எட்டு முனை இணைப்பு 150 வாட்ஸும் தரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தக் கார்டுக்கு என்ன தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம்.

கே: பழைய கார்டு ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். கிரிப்டோ நாணயத்துக்கு ஓட்டியதாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கொண்டு கணக்குப் போடும் தன் முறையை மாற்றிக்கொண்டதிலிருந்து, கார்டுகளை இரவு பகலாக ஓட்டிச் சம்பாதிக்கும் தொழில் படுத்துவிட்டது, அந்தக் கார்டுகளில் பல சந்தைக்கு வந்தன. ஓட்டியது என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. விசிறி இரைகிறதா என்று பாருங்கள், ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் இதைவிட அதிகம் அஞ்சுவது போலிகளுக்கு. பழைய சிறு கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதிப் பெரிய கார்டாகக் காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிவிடும். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.

கே: புதிய கார்டு போட்ட பிறகும் கேம்ஸ் முன்பு ஓடியது போலவே தத்தளிக்கிறது. டிரைவர் மென்பொருளை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: கணினியின் பின்புறம் போய், மானிட்டரிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே, யு.எஸ்.பி. துளைகளுக்கு அருகில் என்றால் அது மதர்போர்டு; கார்டைத் தொடாமல், பிராசசரின் கிராபிக்ஸ் பகுதியிலிருந்தே படம் வருகிறது என்று பொருள். அதைப் பிடுங்கி, கீழே கார்டில் கிடைமட்டமாக இருக்கும் துளையில் செருகுங்கள். அந்தத் துளையை மூடியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் தொப்பியை முதலில் கழற்ற வேண்டும்.