பழைய எண்ணெய்க் கிணற்றில் புவிவெப்பம்: உயர்தரம் முடித்த மகள் எதைப் படிப்பது?

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்த உங்கள் மகள், கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் புவிவெப்பம், அதாவது நிலத்தின் ஆழத்திலுள்ள வெப்பம், எடுக்கும் துறைக்குப் போக விரும்புவதாகவும், அதை நம்பிப் படிக்கவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படிக்கவைக்கலாம். ஆனால் ஹட்டனிலோ பதுளையிலோ இந்த வேலை இல்லை. மலையகம் பழைய உருமாறிய பாறை. அதில் எண்ணெய்க் கிணறே கிடையாது. மன்னார்க் கடலில் 2011இல் கண்டறிந்த எரிவாயுவும் இன்னும் உற்பத்திக்கு வரவில்லை. வெளிநாடு போகவேண்டி வரும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

கிணறு ஏற்கெனவே இருப்பதால் தோண்டும் செலவு மிச்சம் என்பது உண்மைதான். கிடைப்பது எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஆழம் ஒரு கிலோமீற்றர் கூடினால் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 பாகை ஏறும். 3 கிலோமீற்றர்க் கிணற்றின் அடியில் 100 பாகைக்குச் சற்று மேல். செக்கனுக்கு 10 லீற்றர் நீர் 100 பாகையில் மேலே வந்து, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு 60 பாகையில் திரும்பினால் சுமார் 1,670 கிலோவாட் வெப்பம். ஐசோபியூட்டேன் போன்ற, எளிதில் கொதிக்கும் திரவத்தை அதில் ஆவியாக்கிச் சுழலியை ஓட்டினாலும், மின்சாரமாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏறக்குறைய 150 கிலோவாட். நீரை ஓட்டும் பம்பிக்கான மின்சாரமும் அதிலிருந்துதான் போகவேண்டும். மஸ்கெலியா கெனியன் நீர்மின் நிலையத்தின் 60 மெகாவாட்டுக்கு இப்படி 400 கிணறுகள் வேண்டும். ஆகவே கட்டடங்களுக்கும் பசுமைக்குடில்களுக்கும் வெப்பத்தை நேராகக் கொடுப்பதே பல இடங்களில் புத்திசாலித்தனம்.

சிக்கல் குழாயில் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றின் உட்குழாய் பெரும்பாலும் 5½ அல்லது 7 அங்குலம்தான். அதிக நீர் ஓடாது. ஐதரசன் சல்பைட்டும் காபனீரொட்சைட்டும் இரும்பை அரித்திருக்கும். சூடேறிக் குழாய் நீளும்போது வெளிப்புறச் சீமெந்து வெடிக்கும். அழுத்தம் குறையும் இடத்தில் சுண்ணாம்பு படிந்து வழியை அடைக்கும். ஆகவே முதலில் பழைய உற்பத்திக் குழாயை உருவி எடுத்து, உட்சுவரின் தேய்மானத்தை அளந்து, சீமெந்தின் பிடிப்பை ஒலி அலையால் சோதித்து, எண்ணெய் வந்த துளைகளைத் தேவைக்கேற்ப அடைத்து, அழுத்தம் ஏற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. இந்தச் சோதனைகளை வாசித்து "இந்தக் கிணறு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இத்துறையில் மதிப்பு.

எனவே "புவிவெப்பம்" என்ற பெயரில் பட்டம் தேட வேண்டாம். மொறட்டுவையில் புவிவளப் பொறியியல், பேராதனையில் இயந்திரப் பொறியியல் அல்லது புவிச்சரிதவியல், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் கனிய வளம் என வழிகள் உண்டு. எங்கள் தெரிவு இயந்திரப் பொறியியல்: புவிவெப்பம் கைகூடாவிட்டாலும் நீர்மின் நிலையமும் தொழிற்சாலையும் இருக்கின்றன. வெப்ப இயக்கவியலையும் உலோக அரிப்பையும் ஊன்றிப் படிக்கட்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. இசட் புள்ளி சற்றுக் குறைந்தாலும் விண்ணப்பத்தில் இந்தப் பாடநெறிகளை விட்டுவிடாதீர்கள்.

பட்டத்துக்குப் பிறகு ஐ.டபிள்யூ.சி.எஃப். (சர்வதேசக் கிணற்றுக் கட்டுப்பாட்டு மன்றம்) வழங்கும் கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் உதவும். ஐஸ்லாந்தின் 6 மாதப் புவிவெப்பப் பயிற்சி ஏற்கெனவே துறையில் வேலை செய்பவர்களுக்கானது. உயர்தரம் முடித்த கையோடு அனுப்புகிறோம் என்று எந்த முகவராவது சொன்னால் நம்பவேண்டாம். வேலை என்று பணம் கேட்டாலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய உரிமத்தையும் அந்த வேலைக்கான அனுமதியையும் சரிபார்க்கும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.