மஜ்ஜைச் செல்லை ஆய்வகத்தில் கொழுப்பாகவும் எலும்பாகவும் மாற்றிக் காட்டுவது எப்படி? இதில் வின்ட் (Wnt) சமிக்ஞைக்கு, அதாவது செல்கள் சுரக்கும் ஒரு புரதக் குடும்பம் அனுப்பும் செய்திக்கு, என்ன வேலை?

முதலில் சமிக்ஞை. மஜ்ஜையின் ஆதாரச் செல்லில் பிபிஏஆர் காமா, சி/ஈபிபி ஆல்ஃபா என்ற, மரபணுக்களை இயக்கும் புரதங்கள் ஓங்கினால் அது கொழுப்புச் செல்லாகிறது. அதே வகைப் புரதங்களான ரன்எக்ஸ்2, ஆஸ்டெரிக்ஸ் ஓங்கினால் எலும்பை உருவாக்கும் செல்லாகிறது. எந்தப் பக்கம் ஓங்கும் என்பதில் வின்ட் சமிக்ஞைக்குப் பெரிய பங்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர்மண்ட் மெக்டூகல்டின் குழு 2000-இல் இதைத் தெளிவாகக் காட்டியது: வின்ட் குடும்பத்தைச் சேர்ந்த வின்ட்10பி இருந்தால் 3டி3-எல்1 என்ற ஆய்வக எலிச் செல்கள் கொழுப்பாவதில்லை, வின்ட் வழியை அடைத்தால் தூண்டாமலே ஆகின்றன. 2005-இல் அதே குழு, கொழுப்புத் திசுவிலும் மஜ்ஜையிலும் வின்ட்10பி சுரக்கும்படி மாற்றிய எலிகளைச் சோதித்தது. அவற்றின் தொடையெலும்பின் கீழ்முனையில் ஏறக்குறைய 4 மடங்கு எலும்பு இருந்தது.

இனி செய்முறை. இரண்டு பக்கமும் போகக்கூடிய செல் வேண்டும். எலி மஜ்ஜையிலிருந்து வந்த எஸ்டி2 என்ற செல் வகை வசதியானது. 3டி3-எல்1 கொழுப்புக்கு மட்டும்தான் நம்பகமானது.

கொழுப்புப் பக்கம்: செல்கள் தட்டு முழுக்க நிரம்பி 2 நாள் ஆன பிறகே தூண்ட வேண்டும். 10% கருக்கன்றுச் சீரம் கலந்த மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மைக்ரோமோலார், இன்சுலின் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம். 2 நாள் கழித்து இன்சுலின் மட்டும், அதன்பின் வெறும் மீடியம். 3டி3-எல்1-இல் 8-ஆம் நாள் வாக்கில் கொழுப்புத் துளிகள் நன்றாகத் தெரியும். ஐபிஎம்எக்ஸ் வெறும் உதவிப்பொருள் அல்ல. அது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூற்றை ஏற்றுகிறது, அதனால் செல் தானே சுரக்கும் வின்ட்10பி அடங்குகிறது. எஸ்டி2 கொழுப்பாக மாறாவிட்டால் ரோசிகிளிட்டசோன் என்ற மருந்தை 1 மைக்ரோமோலார் சேர்க்கலாம். ஆனால் அது பிபிஏஆர் காமாவை நேரடியாகவே தூண்டுகிறது. வின்ட்டின் விளைவை அளக்கும் சோதனையில் அதைச் சேர்த்தால் முடிவு குழம்பும்.

எலும்புப் பக்கம்: அஸ்கார்பேட் (வைட்டமின் சி) மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார், டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார். 2-3 நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றி 21 நாள் வரை. சாதா அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரியில் சீக்கிரம் கெட்டுவிடும். அதன் 2-பாஸ்பேட் வடிவத்தை வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோன் இரண்டு கலவையிலும் இருப்பதைக் கவனித்தீர்களா? அது மட்டும் திசையைத் தீர்மானிப்பதில்லை. எலும்புத் தட்டில் அங்கங்கே கொழுப்புச் செல் தென்பட்டால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வின்ட்டைச் சோதிக்க இரண்டு கலவையிலும் சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலார் சேர்த்த தட்டுகளை வையுங்கள். அது ஜிஎஸ்கே3 என்ற நொதியைத் தடுத்து, வின்ட் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் பீட்டா-கேட்டனின் புரதத்தைக் காக்கும். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பான் அதே அளவில், மருந்து சேர்க்காத ஒப்புத் தட்டிலும் இருக்க வேண்டும்.

சொதப்புவது பெரும்பாலும் சாயத்தில்தான். கொழுப்புக்கு ஆயில் ரெட் ஓ: செல்லை ஃபார்மலினில் நிலைப்படுத்துங்கள். மெத்தனால் கொழுப்பையே கரைத்துவிடும். ஐசோபுரோப்பனாலில் கரைத்த மூலச்சாயம் 6 பங்கு, தண்ணீர் 4 பங்கு. 10 நிமிடம் விட்டு வடிகட்டி அன்றே பயன்படுத்துங்கள். வடிகட்டாத சாயத்தின் படிகங்கள் நுண்ணோக்கியில் துளி மாதிரியே ஏமாற்றும்.

எலும்புப் பக்கத்தில் படியும் சுண்ணாம்புக்கு (கால்சியம்) அலிசாரின் ரெட் சாயம் 2%, பிஎச் 4.1 முதல் 4.3 வரை. பாஸ்பேட் கரைசலில் கழுவியதும் நேரே சாயம் ஊற்றாதீர்கள், நடுவில் வெறும் தண்ணீரில் அலசுங்கள். 21 நாள் தட்டில் செல் படலம் அப்பளம் போல உரிந்து சுருளும். மெல்ல, ஓரமாகவே ஊற்ற வேண்டும்.

சிவப்பு தெரிந்ததும் எலும்பு வந்துவிட்டது என்று எழுதுவது இந்தத் துறையின் பழைய வியாதி. செத்த செல்லின் மேலும் கால்சியம் பாஸ்பேட் படியும், அதுவும் அதே சிவப்புதான். எலும்புச் செல்லின் அடையாளங்களையும் அளக்க வேண்டும்: 7 முதல் 14-ஆம் நாளுக்குள் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி, பிறகு ஆஸ்டியோகால்சின் மரபணு அளவு, கூடவே பீட்டா-கிளிசரோபாஸ்பேட் இல்லாத ஒரு தட்டு. இவை இல்லாத அலிசாரின் படத்தை நான் நம்புவதில்லை.

கடைசியாக, தட்டில் தெரியும் இந்தக் கொழுப்பா எலும்பா என்ற தராசை உடம்புக்கு அப்படியே நீட்டாதீர்கள். அனோரெக்சியா (உணவைத் தவிர்த்து உடல் மெலியும் நோய்) நோயாளிகளுக்குத் தோலடிக் கொழுப்பு வற்றும்போது மஜ்ஜைக் கொழுப்பு கூடுகிறது, எலும்பு குறைகிறது. ஆகவே எந்தக் கொழுப்பு என்று சொல்லாமல் 'கொழுப்பு கூடினால் எலும்பு குறையும்' என்று எழுதினால் அது தவறு.