சிப்காட் பக்கத்து ஊர்களில் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வதை ஊராட்சி கண்காணிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஓரளவுக்குத்தான். 1974 நீர்ச் சட்டப்படி ஆலையை மூடச் சொல்லும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. குடிநீர் கொடுக்கும் கடமையோ 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியுடையது. கடலூரில் உப்பனாற்றங்கரை ஊர்களான குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகமான இடங்களைப் பட்டியலிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்கு அனுப்ப வேண்டியது உள்ளாட்சி அல்லது மாவட்ட நிர்வாகம். மாசு உறுதியானால், செலவு மாசுபடுத்தியவருடையது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், சுத்திகரிப்பு என்றால் போர் போட்டு நீரை இறைத்து, சுத்தம் செய்வதோடு முடிவதில்லை. மண்ணில் ஒட்டிய ரசாயனம் மெல்ல மெல்லக் கசியும். மோட்டாரை நிறுத்தினால் சில மாதத்தில் நீரில் ரசாயன அளவு மறுபடி ஏறலாம். அதனால் ஒரே ஒரு நல்ல அறிக்கையைக் காட்டி 'முடிந்தது' என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கேளுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனை உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் போன்றவற்றைத்தான் பார்க்கும். ஆலைகளில் பயன்படும் கரைப்பான் (solvent) ரசாயனங்களைத் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. இந்தக் கோரிக்கைகளை அங்கே தீர்மானமாகவே எழுதி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.