கடப்பாரையைத் தொடும் முன்

கேள்வி: கல்லல் பக்கம் எங்கள் ஊர். ரயில் பாதை பராமரிப்பு எடுத்திருக்கும் காண்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியைத் தோண்டிச் சலிக்கும் வேலை. ஷூ, கையுறை, தொப்பி வாங்கிவிட்டேன். வேறு என்ன தயார் செய்ய வேண்டும் ஐயா? இரவு வேலைக்கும் கூப்பிடுவார்களாம், போகலாமா?

பதில்: தம்பி, ஷூ வாங்கியது நல்லது. ஆனால் பாதையில் உயிரைக் காப்பது ஷூ அல்ல, வண்டி வருகிறது என்று நேரத்தில் சொல்லும் ஆள். காரைக்குடி – மானாமதுரைப் பாதையில் மேட், அதாவது பராமரிப்பு கேங்கின் தலைவராக இருந்தவன் நான். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொன்னது இதைத்தான்: கடப்பாரையைத் தொடும் முன், கொடியோடும் விசிலோடும் நிற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ரயில்வே மேற்பார்வையாளர் வராமல் காண்ட்ராக்ட் ஆட்கள் பாதையில் கை வைக்கவே கூடாது. அவர் வரும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருங்கள், கூலி போனாலும் பரவாயில்லை.

நம்முடையது ஒற்றைப் பாதை. வண்டி இரண்டு பக்கமிருந்தும் வரும், ஆகவே காவலும் இரண்டு பக்கமும் வேண்டும். வண்டி போக முடியாதபடி பாதையைப் பிரித்தால், அகலப் பாதையில் வேலை இடத்திலிருந்து 600 மீட்டரில் சிவப்புப் பேனர் கொடி (பாதைக்குக் குறுக்கே கட்டும் சிவப்புத் துணி), 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டோனேட்டர் (சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடி) வைப்பது விதி. இவ்வளவு தூரம் எதற்கு? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் கடக்கும். 600 மீட்டர் என்பது 21 விநாடிதான்.

ஜல்லி சலிக்கும்போது பெரும்பாலும் பாதையை மூட மாட்டார்கள். வேகத்தைக் குறைத்து வண்டியை விட்டுக்கொண்டே வேலை நடக்கும். அதனால்தான் அலட்சியம் வருகிறது. அட்டவணையை நம்பாதீர்கள். தனி எஞ்சின் அட்டவணையில் இருக்காது. மின்சார எஞ்சினுக்குச் சத்தமும் குறைவு, எதிர்க்காற்று அடித்தால் கிட்டே வரும்வரை கேட்காது. சீமைக்கருவேலம் மண்டிய வளைவில் கண்ணும் உதவாது. எந்தப் பக்கம் இறங்குவது, பாண்டும் கடப்பாரையும் எங்கே போடுவது என்று விசில் ஊதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். விசில் கேட்டதும் கையில் இருப்பதோடு இறங்குங்கள், எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். என் கேங்கில் ஒருவர் தண்டவாளத்தின் மேல் கிடந்த கடப்பாரைக்காகத் திரும்பினார். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அன்று கருவியை எங்கே போடுவது என்று நான் காலையில் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குறை என்னோடுதான். செல்போனைப் பையில் போட்டுப் பையை மரத்தில் மாட்டிவிடுங்கள்.

சிவப்புத் துண்டு, சிவப்புச் சட்டை வேண்டாம். சிவப்பு அசைந்தால் ஓட்டுநருக்கு நிறுத்து என்றுதான் பொருள். காண்ட்ராக்டர் தரும் ஒளிரும் உடுப்பைக் கேட்டு வாங்குங்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். மின்சாரத்தை நிறுத்தியதாக எழுத்து மூலம் அனுமதி வராதவரை, கம்பிக்கு 2 மீட்டருக்குள் உங்கள் உடம்போ கையிலிருக்கும் கருவியோ போகக் கூடாது. நீளக் கம்பியைத் தோளில் நிமிர்த்திச் சுமப்பதுதான் ஆபத்து, இருவராகப் படுக்க வைத்துத் தூக்குங்கள். தண்டவாளத்தைத் தனியாக அசைக்கும் ஆசையும் வேண்டாம். 60 கிலோ ரகத்தில் ஒரு மீட்டரே 60 கிலோ, 13 மீட்டர்த் துண்டு கிட்டத்தட்ட 780 கிலோ.

நம்மூர் வெயிலில் தண்டவாளம் காற்றைவிட அதிகமாகக் காய்ந்து நீள முயலும். ஜல்லியைத் தோண்டினால் அதைப் பிடித்திருக்கும் பிடி தளரும், வளைந்துகொள்ளவும் கூடும். அதனால்தான் வெப்பம் ஏறியதும் வேலையை நிறுத்தச் சொல்வார்கள். ஆளுக்கும் அது நல்லது. காலையில் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடியுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். ஜல்லியிடுக்கில் கட்டுவிரியன் இருக்கலாம், கையை விடாமல் ஜல்லி அள்ளும் முள்கரண்டியால் கிளறுங்கள். கடித்தால் கட்டுப் போடாமல் 108-ஐ அழையுங்கள்.

இரவு வேலைக்குப் போகலாம், மூன்று நிபந்தனைகள் உண்டு. வேலை நடக்கும் இடம் முழுக்க விளக்கு வெளிச்சம், இரு பக்கமும் சிவப்பு விளக்கோடு ஆள், அன்று பகலில் நீங்கள் தூங்கியிருப்பது. பகல் வேலை முடித்த கையோடு அன்றிரவே கூப்பிட்டால், அந்த ஒரு நாள் வர முடியாது என்று சொல்லிவிடுங்கள்.