'எங்கள் தந்தையே' என்று சொல்லத் தயங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாகக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். கடவுளைத் தந்தை என்று அழைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: டீச்சர், என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார், எங்களையும் விட்டதில்லை. பூசையில் எல்லோரும் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று சொல்லும்போது எனக்கு வாயே திறக்க வருவதில்லை. இது பாவமா?

பாவமே இல்லை தம்பி. அடி வாங்கிய பிள்ளைக்கு அந்தச் சொல்லே வலிக்கும், அது கடவுளுக்குத் தெரியாதா? பெற்றோர் தவறக்கூடியவர்கள், தந்தை, தாய் என்பதன் முகத்தையே சிதைத்துவிடக்கூடியவர்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (239-ஆம் பத்தி) ஒத்துக்கொள்கிறது.

நாம் எல்லோரும் செய்கிற தவறு என்னவென்றால், வீட்டில் பார்த்த அப்பாவையே பெரிதாக்கி வானத்தில் வைத்துவிடுகிறோம். இயேசு சொல்கிற வழி வேறு. தந்தையைக் காட்டும் என்று சீடர் பிலிப்பு கேட்டபோது, "என்னைக் காண்பது தந்தையைக் காண்பது ஆகும்" என்றார் (யோவான் 14:9). அப்படியானால் தொழுநோயாளியைத் தொட்ட கை, குழந்தைகளை அணைத்துக்கொண்ட கை, அதுதான் தந்தையின் கை. உங்கள் அப்பாவின் கையை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இத்தாலியப் புனிதர் அசிசி பிரான்சிசை எடுத்துக்கொள்ளுங்கள். 1206 வாக்கில், தன்னை அடைத்துவைத்து அடித்த தகப்பனிடம் ஆயர் முன்னிலையில் உடுத்திய துணியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிமேல் விண்ணகத்தில் இருக்கிற தந்தையைத்தான் தந்தை என்பேன் என்றார். நல்ல அப்பா வாய்த்தவர்களுக்கு மட்டும் உரிய செபம் இல்லை இது. இப்போதைக்கு "என் தந்தையும் தாயும் என்னைக் கைவிட்டாலும் ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வார்" என்ற திருப்பாடல் 27-ஐ வைத்து வேண்டுங்கள். அப்பாவை மன்னிப்பது தனி விஷயம், அதற்கு அவசரமில்லை.

கேள்வி: இயேசு சொன்ன 'அப்பா'வும் நம் தமிழ் அப்பாவும் ஒன்றா?

ஒலி ஒன்று, மொழி வேறு. அது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். உறவு கொண்டாட ஆசையாக இருக்கும், ஆனால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. குழந்தையின் மழலை என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், அதுவும் முழுக்கச் சரியில்லை, வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் அந்தச் சொல்லை எங்கே சொன்னார் என்பது. கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில், நாளை சாகப்போகிறோம் என்று தெரிந்து, இந்தத் துன்பக் கிண்ணத்தை அகற்றும் என்று மன்றாடும்போது (மாற்கு 14:36).

கேள்வி: என் கணவருக்குப் புற்றுநோய். முன்பு செய்த பாவத்துக்குத் தண்டனை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அன்பான தந்தை இப்படிச் செய்வாரா அக்கா?

இல்லைம்மா. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொன்னார். உங்கள் உறவினர்களிடம் தைரியமாக இதைக் காட்டுங்கள்.

சரி, பின்னே ஏன் இந்த நோய் என்றால், அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை, விளக்கம் சொல்லி உங்களை நோகடிக்கவும் மாட்டேன். கெத்சமனியில் அந்தக் கிண்ணம் அகற்றப்படவில்லை. ஆனாலும் சிலுவையில் கடைசி மூச்சிலும் "தந்தையே, உம் கையில்" என்றுதான் தம் உயிரை ஒப்படைத்தார். அழுதுகொண்டே அழைத்தாலும் அது செபம்தான். நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள், பங்குச் சாமியாரை இப்போதே கூப்பிடுங்கள்.

கேள்வி: தந்தை என்றே ஏன்? தாய் என்று சொன்னால் என்ன?

கடவுள் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, அதே 239-ஆம் பத்திதான். பால்குடிக்கும் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்று எசாயாவில் (49:15) அவரே பேசுகிறார். தந்தை என்று அழைப்பது இயேசு கற்றுக்கொடுத்தது, அதனால் அப்படி அழைக்கிறோம். அதற்குள் தாயின் பாசமும் அடங்கும்.

கேள்வி: சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்து பதினெட்டு வருடம் ஆகிறது. எந்த முகத்தோடு போவது?

லூக்கா 15-ஐ எடுத்து மெதுவாகப் படியுங்கள். அப்பாவிடம் சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகன் வழியெல்லாம் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். அதன் கடைசி வரி, உம் கூலியாள்களுள் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. வீட்டுக்கு வந்து சொல்லும்போது அந்த வரி மட்டும் வரவே இல்லை, பார்த்தீர்களா? அதற்குள் அப்பா ஆடை, மோதிரம், மிதியடி என்று வேலைக்காரர்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார்! மகன் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டார் என்றால், எத்தனை நாள் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அந்தக் காலத்தில் மரியாதைப்பட்ட பெரியவர் தெருவில் ஓடமாட்டார். இவர் ஓடினார்.

அதனால் எந்த முகத்தோடும் போங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் "சாமி, பதினெட்டு வருடம் ஆச்சு" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

கேள்வி: ராத்திரி ஜெபமாலை சொல்லும்போதே தூங்கிப்போகிறேன். கடவுள் கோபிப்பாரா?

பிரெஞ்சுத் துறவியான புனித குழந்தை இயேசுவின் தெரேசாவும் மடத்தில் செபவேளையில் தூங்கிவிழுவாராம். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியம் ஒன்றுதான் என்று எழுதிவைத்திருக்கிறார். 1997-இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் ஆக்கினார்கள், போதனையில் சிறந்த புனிதர்களுக்குத் தரும் பட்டம் அது. நீங்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே ஜெபமாலையைக் கையில் எடுங்கள், அப்படியும் தூக்கம் வந்தால் தூங்குங்கள்.