வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: கணவருக்கு விசைப்படகில் வேலை நின்றுவிட்டது. வீட்டுக் கடனில் பாக்கி 12 லட்சம், 9 சதவீத வட்டி, 10 வருடம் இருக்கிறது. மாதம் 15,200 ரூபாய். இரண்டு தவணை தவறிவிட்டது. வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா?
- வாசகி, பாம்பன்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. 9 சதவீதக் கடனை அடைக்க மாதம் 3 வட்டிக்கு வாங்கினால், அது வருடத்துக்கு 36 சதவீதம்.

தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் ஆக்கிவிடும். பிறகு பேசுவது கடினம். அதனால் இந்த வாரமே கிளை மேலாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வருமானம் குறைந்ததற்கான சான்று, ஆறு மாத பாஸ்புக் நகல், எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகை மூன்றும் அதில் இருக்கட்டும்.

காலத்தை 20 வருடமாக நீட்டினால் தவணை சுமார் 10,800 ஆகும். ஆனால் மொத்த வட்டி ஆறே கால் லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 14 லட்சமாகிவிடும். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. வேலை திரும்பியதும் கூடுதலாகக் கட்டி அசலைக் குறையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தையும் மனுவில் குறிப்பிட்டு, அந்த மாதங்களில் தவணையைக் குறைக்கக் கேளுங்கள்.

சர்ஃபாசி நோட்டீஸ் (கடனைக் கட்டாவிட்டால் அடமான வீட்டை எடுப்போம் என்று சட்டப்படி வங்கி அனுப்பும் அறிவிப்பு) வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். பணம் கட்ட 60 நாள் அவகாசம் உண்டு. எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.